பக்தியிசையில் மேனாட்டுக் கருவிகள்: வயலின் கற்பிக்கும் பாடம்

இசைக்கருவிகளை நம் முன்னோர் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என ஐந்தாக வகுத்தனர். மிடற்றுக்கருவி என்பது பாடுவோரின் தொண்டையே ஆகும். மனிதக் குரலையும் ஒரு கருவியாக எண்ணி ஏனைய கருவிகளோடு ஒரே வரிசையில் வைத்த அவர்தம் நுண்ணறிவு போற்றத்தக்கது. ஆனால், இன்று நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் கோயில் ஒன்றில் வெள்ளிக்கிழமை வழிபாட்டின்போது ஒலிக்கும் இசையை இவ்வைந்து பிரிவுகளுக்குள் அடக்க முயல்வோமாயின் இடர்ப்பாடு தோன்றும். மிருதங்கமும் உறுமியும் தோற்கருவிகள், கைத்தாளம் கஞ்சக்கருவி, பாடும் சிறுவர்களின் குரல் மிடற்றுக்கருவி. இவற்றுக்கு நடுவே, இரும்புக் கால்கள் தாங்க, மின்கம்பி இணைப்போடு நிற்கிறதே கீபோர்டு, அஃது எப்பிரிவைச் சார்ந்தது?

இக்கேள்வி வெறும் வகைப்பாட்டுக் கேள்வியன்று. சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் வட்டாரங்களில் தேவார வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் கோயில் பொறுப்பாளர்களும் இது குறித்து இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதை நாம் காண்கிறோம். "மேனாட்டுக் கருவிக்கு இறைவன் சந்நிதியில் என்ன வேலை?" என்பார் ஒரு சாரார். "அந்தக் கருவி இருப்பதால்தானே இளைஞர்கள் கோயிலுக்கு வருகிறார்கள்!" என்பார் மறு சாரார். இரு சாராரும் தமிழ்ப்பற்றும் இறைப்பற்றும் உடையவர்களே. ஆயினும், இருவரும் மறந்துவிட்ட உண்மை ஒன்று உண்டு. இன்று கருநாடக இசை மேடையில் பாடகருக்கு அருகில் அமர்ந்து, பக்திப் பாடல்களுக்குத் துணை நிற்கும் வயலினும் மேனாட்டுக் கருவியே. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வந்த அவ்விருந்தாளி வீட்டுப் பிள்ளையானது எவ்வாறு? அவ்வரலாற்றை அறிந்தால், இன்று வாசலில் நிற்கும் கருவிகளை எவ்வாறு நடத்துவது என்பதும் விளங்கும்.

கோட்டை வாத்தியம் கோயில் வாத்தியம் ஆனது

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வாத்தியக் குழு இருந்தது. அக்காலத்தில் சென்னையை அடுத்த மணலியில், செல்வரும் கலைப் புரவலருமான முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இராமசாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்து வந்தது. அவருடைய மைந்தருள் ஒருவரே சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதர். அவருக்கு இளையவர் பாலுசாமி தீட்சிதர் (1786-1859). மணலிப் புரவலரின் துணையால் பாலுசாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். பயின்ற பின் அவர் மேனாட்டு இசையை வாசிப்பதோடு நின்றுவிடவில்லை. அக்கருவியில் நம் இராகங்களை வாசித்துப் பார்த்தார். பின்னாளில் எட்டயபுரம் அரசவையில் இசைவாணராக விளங்கினார்.

ஏறக்குறைய அதே காலத்தில் தஞ்சையிலும் இம்முயற்சி நிகழ்ந்தது. தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தோருள் இளையவரான வடிவேலு வயலினில் வல்லவர். இந்நால்வரும் முத்துசாமி தீட்சிதரின் மாணாக்கர்கள். வடிவேலுவின் திறத்தை மெச்சித் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834 ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பது இசை வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி.

இவ்வரலாற்றில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்று உண்டு. வயலினை ஏற்றுக்கொண்டவர்கள் நம் இசையை அறியாதவர்கள் அல்லர். அதில் ஊறித் திளைத்தவர்கள். புதுமையின் மேல் கொண்ட மயக்கத்தால் அவர்கள் அக்கருவியை எடுக்கவில்லை. நம் குரலிசைக்கு அது பயன்படுமா என்று சோதித்து, பயன்படும் எனக் கண்ட பிறகே எடுத்தனர்.

கருவி மாறவில்லை, கையாளும் முறை மாறிற்று

வயலின் நம்மிடம் வந்தபோது அதன் உடலில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. அதே நான்கு தந்திகள், அதே வில், அதே மரக்கூடு. மாறியவை மூன்று.

முதலாவது, பிடிக்கும் முறை. மேனாட்டார் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, கருவியை மோவாய்க்கும் தோளுக்கும் இடையில் வைத்து வாசிப்பர். நம்மவரோ தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலது கணுக்காலின்மேல் ஊன்றி, அடிப்பகுதியை மார்போடு அல்லது தோளோடு சாய்த்து வாசிக்கின்றனர். தரையில் அமரும் வழக்கத்திற்காக மட்டும் வந்த மாற்றமன்று இது. கருவி இரு முனையிலும் தாங்கப்படுவதால் இடக்கை அதைத் தாங்கும் சுமையினின்று விடுபடுகிறது. விரல்கள் தந்தியின்மேல் மேலும் கீழும் தடையின்றி வழுக்கிச் செல்கின்றன.

இரண்டாவது, சுருதி கூட்டும் முறை. மேனாட்டு முறையில் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, இ என ஒன்றுக்கொன்று ஐந்தாம் சுர இடைவெளியில் கூட்டப்படும். நம் முறையில் அவை ச, ப, ச, ப எனக் கூட்டப்படும். ஆதார சட்சமும் பஞ்சமமும் எப்போதும் கைக்கெட்டும் நிலையில் இருக்கும். பாடகரின் குரலுக்கேற்ப இந்தச் சட்சத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும்.

மூன்றாவதும் தலையாயதும், விரலின் நடை. நம் இசையில் சுரம் என்பது ஒரு புள்ளியன்று. அஃது ஓர் அசைவு. பைரவி இராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தி வாசித்தால், வாசித்த சுரம் சரியாக இருக்கலாம். ஆனால் அங்கே பைரவி இராது. இவ்வசைவையே கமகம் என்கிறோம். வயலினின் விரற்பலகையில் மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கும் இடமெல்லாம் சுரம் பிறக்கும். வில் ஓடும் வரை ஒலியும் நீளும். ஆகவே அது பாடும் குரலுக்கு மிக அணுக்கமாக வரவல்லது. அது வீட்டுப் பிள்ளையானதன் முழுக் காரணமும் இங்கே அடங்கியுள்ளது.

இப்பாதையிலேயே பிற கருவிகளும் பின்னர் வந்தன. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராசனும், மாண்டலினை உப்பலப்பு சீனிவாசும் (1969-2014), சாக்சபோனை கதிரி கோபால்நாத்தும் (1949-2019) கருநாடக இசை மேடையில் நிலைநிறுத்தினர். கருவி எதுவாயினும் ஒவ்வொருவரும் முதலில் தேடியது கமகம் பிறக்கும் வழியையே. அவ்வழி கிடைத்த பின்னரே அவையோர் அவர்களை ஏற்றனர்.

அரச கீதத்தின் மெட்டில் இறைவன் புகழ்

இனி, கலப்பு என்னும் செய்திக்கு வருவோம். மேனாட்டு இசையையும் நம் பக்தியையும் இணைக்கும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. முத்துசாமி தீட்சிதரே அதைச் செய்து பார்த்தார். கோட்டை வாத்தியக் குழு வாசித்த மேனாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு இறைவன் மீது வடமொழியில் பாடல் புனைந்தார். இவை நோட்டுசுரப் பாடல்கள் எனப்படும். ஏறத்தாழ நாற்பது பாடல்கள் இவ்வகையில் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. 1957 இல் நாடு விடுதலை பெறும் வரை மலாயாவின் அரசு விழாக்களில் ஒலித்த அதே மெட்டு, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தென்னாட்டில் இறைவன் புகழ் பாடும் மெட்டாகியிருந்தது என்பது நம் வாசகர்கள் சுவைக்கத்தக்க செய்தியாகும்.

இப்பாடல்கள் யாவும் சங்கராபரண இராகத்தின் சுரங்களில் அமைந்தவை என்பதைக் கவனித்தல் வேண்டும். மேனாட்டார் மேஜர் எனக் கூறும் சுர வரிசையும் சங்கராபரணத்தின் சுர வரிசையும் ஒன்றே. சிலப்பதிகாரத்தை ஆராய்ந்த இசையறிஞர்கள் அரும்பாலை எனக் குறிப்பதும், தேவாரப் பண்களுள் பழம்பஞ்சுரம் என இன்று ஓதுவார்கள் பாடுவதும் இவ்வினத்தைச் சார்ந்தவையே. தீட்சிதர் இரு வீட்டுக்கும் பொதுவான திண்ணையைத் தெரிந்தெடுத்து அங்கே அமர்ந்தார். பைரவியையோ தோடியையோ கொண்டுபோய் மேனாட்டு மெட்டுக்குள் திணிக்கவில்லை. அசைவு வேண்டாத மெட்டுக்கு அசைவு வேண்டாத சுரங்கள் என்ற அளவில் நின்றார். எதைக் கலக்கலாம், எதைக் கலக்கலாகாது என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

ஆர்மோனியத்தின் மேல் வழக்கு

எல்லா விருந்தாளிக்கும் வயலினுக்குக் கிடைத்த வரவேற்புக் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் தமிழ் நாடக மேடையையும் பஜனைக் கூடத்தையும் விரைந்து பற்றிக்கொண்டது. கற்க எளிது, ஒலி பெரிது, சுருதி கூட்டும் தொல்லையும் இல்லை. ஆயினும் அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. அவ்விலக்கு 1971 இல்தான் தளர்ந்தது. ஆர்மோனியத்தின் மேல் சுமத்தப்பட்ட குற்றம் இரண்டு. ஒன்று, அதன் கட்டைகள் தனித்தனியானவை. ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்குத் தாவலாமேயன்றி வழுக்கிச் செல்ல இயலாது. மற்றொன்று, அதன் சுரங்கள் முன்னரே நிலைநிறுத்தப்பட்டவை. வாசிப்பவர் காதால் கேட்டுத் திருத்த வழியில்லை.

இரண்டாம் குற்றத்தைச் சற்று விளக்குவோம். மேனாட்டுக் கட்டைக் கருவிகளில் ஒரு தாயியை (ஓர் எட்டுச் சுர வட்டத்தை) 12 சம பாகங்களாக்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் 100 சென்ட் என அளவு கூறுவர். இம்முறையில் அந்தர காந்தாரம் சட்சத்திலிருந்து 400 சென்ட் தொலைவில் நிற்கும். தம்புராவின் நாதத்தோடு முழுமையாக இசையும் இயற்கைக் காந்தாரமோ 386 சென்ட் தொலைவில் உள்ளது. வேற்றுமை 14 சென்ட் மட்டுமே. விரைந்து செல்லும் பாட்டில் இது தெரியாது. ஆனால் விருத்தம் பாடும்போது காந்தாரத்தில் நின்று நீட்டினால், பயிற்சி பெற்ற செவிக்கு அந்த உறுத்தல் தெரியும். வயலின் வாசிப்பவர் விரலை ஒரு மயிரிழை நகர்த்தி இதைச் சரிசெய்வார். ஆர்மோனியத்தாலும் சாதாரணக் கீபோர்டாலும் அது முடியாது.

ஆகவே இன்றைய கீபோர்டு, வயலினின் வாரிசு என்பதைக் காட்டிலும் ஆர்மோனியத்தின் வாரிசு என்பதே பொருந்தும். ஆயினும் வழக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. கீபோர்டின் இடப்புறத்திலுள்ள சுரம் வளைக்கும் சக்கரத்தைக் கொண்டு ஓரளவு அசைவை உண்டாக்கலாம். கே. சத்யநாராயணன் என்னும் இளைஞர் அவ்வகையில் கீபோர்டிலேயே கருநாடக இசைக் கச்சேரிகள் நிகழ்த்தியிருக்கிறார். அதற்கு அவர் கருநாடக இசையை முறையாகக் கற்றிருந்தது காரணமேயன்றி, கருவி விலையுயர்ந்தது என்பது காரணமன்று.

சான்றோர் செய்த கலப்பு

வயலினை நடுவில் வைத்து மேனாட்டுக் கருவிகளோடு கலந்த முயற்சிகள் சிலவற்றை நோக்குவோம். குன்னக்குடி வைத்தியநாதன் (1935-2008) வயலினைப் பொதுமக்களின் கருவியாக்கியவர். மிருதங்கத்தின் இடத்தில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலைச் சேர்த்துக் கோயில் முற்றத்தின் ஒலியை மேடைக்குக் கொண்டுவந்தார். திருமலை தென்குமரி (1970), தெய்வம் (1972) முதலிய பக்திப் படங்களுக்கு இசையமைத்தார். அவர் வயலினைப் பேசவைக்கிறார், விளையாட்டுக் காட்டுகிறார் என்று குறை கூறினோரும் உண்டு. ஆயினும் இசை படியாத பல்லாயிரம் மக்களின் செவிக்கு வயலினைக் கொண்டு சேர்த்த பெருமை அவருக்கு உரியது.

யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த எல். சுப்பிரமணியம், தம் தந்தை வி. லட்சுமிநாராயணாவிடம் வயலின் கற்றவர். சிரம்பானில் வாழும் யாழ்ப்பாணத் தமிழர்க்கு இக்குடும்பத்தின் பெயர் புதிதன்று. அவர் வேத ஓசையை அடிப்படையாகக் கொண்டு வயலினுக்கும் மேனாட்டு இசைக்குழுவுக்குமாக ஓர் இசைப்படைப்பை ஆக்கினார். 1985 இல் சூபின் மேத்தாவின் நடத்துகையில் நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழு அதை அரங்கேற்றியது.

மறு ஆண்டு, 1986 இல், இளையராஜா தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் முதன்மை வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். பின்னர் 2005 இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து ஆறு பகுதிகளைத் தேர்ந்து, அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் துணையோடு இளையராஜா வெளியிட்டார். திருவாசகத்தை ஜி.யு. போப் 1900 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அதன் பொருள் கடல் கடந்தது. நூற்றைந்து ஆண்டுகள் கழித்து அதன் ஓசையும் கடல் கடந்தது.

இம்முயற்சிகளை எல்லாரும் ஒருமனதாகப் பாராட்டினர் என்று நான் கூற வரவில்லை. திருவாசகத்தின் உருக்கம் பெருங்குழுவின் ஓசையில் அமுங்கிவிட்டது என்போரும் உளர். ஆனால், இவர்களிடம் பொதுவாக உள்ள ஒழுக்கம் ஒன்றை நாம் மறுக்க இயலாது. இரு முறைகளையும் தனித்தனியே கற்ற பின்னரே இவர்கள் கலக்க முற்பட்டனர்.

சுரக் கூட்டு எங்கே இடறுகிறது?

இனி, நம் கோயில்களிலும் பள்ளிகளிலும் நிகழும் கலப்பிற்கு வருவோம். மேனாட்டு இசையின் உயிர்நாடி கார்டு எனப்படும் சுரக் கூட்டு. மூன்று சுரங்களை ஒருசேர ஒலித்தல் என்பது அதன் எளிய வடிவம். நம் இசைக்கோ உயிர்நாடி தனி இராகத்தின் ஓட்டம். இவ்விரண்டும் மோதும் இடத்தை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

மோகன இராகத்துக்கு உரிய சுரங்கள் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து. மத்திமமும் நிடாதமும் அதில் இல்லை. அவை இல்லாமையே மோகனத்தின் அழகு. கீபோர்டு வாசிக்கும் இளைஞர் வழக்கமாகக் கற்றிருக்கும் கூட்டுகள் மூன்று: ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி. முதற்கூட்டு மோகனத்திற்குப் பொருந்தும். இரண்டாவது கூட்டு, இராகத்தில் இல்லாத மத்திமத்தை உள்ளே கொணர்கிறது. மூன்றாவது கூட்டு, இல்லாத நிடாதத்தைக் கொணர்கிறது. பாடும் சிறுமி மோகனத்தைப் பிழையின்றிப் பாடிக்கொண்டிருப்பாள்; அருகில் ஒலிக்கும் கருவியோ வேறோர் இராகத்தைக் கூறிக்கொண்டிருக்கும். நாளடைவில் அவள் செவி எதை நம்பும்? பெரிதாக ஒலிப்பதையே நம்பும்.

மோகனத்தில் கூட்டே சேர்க்கக் கூடாதா எனின், சேர்க்கலாம். ச-க-ப என்பதோடு த-ச-க என்னும் கூட்டும் அதற்குப் பொருந்தும். இவ்விரண்டைக் கொண்டே ஒரு பாடல் முழுவதையும் இனிது தாங்கலாம்.

மற்றோர் எடுத்துக்காட்டு. திருஞானசம்பந்தரின் முதற் பதிகம் நட்டபாடைப் பண்ணில் அமைந்தது. அதனை இன்று கம்பீர நாட்டை இராகத்தில் பாடுவர். அதன் சுரங்கள் ச, க, ம, ப, நி. ரிடபமும் தைவதமும் இல்லை. இங்கும் ம-த-ச என்பதில் தைவதமும், ப-நி-ரி என்பதில் ரிடபமும் அயலானவை. பொருந்துபவை ச-க-ப, க-ப-நி என்னும் இரண்டே. இப்பதிகம் நம் பிள்ளைகள் பள்ளியில் முதலில் கற்கும் பதிகங்களுள் ஒன்று என்பதால் ஆசிரியர்கள் இதனை மனத்தில் இருத்துதல் நன்று.

சங்கராபரணத்தில், அதாவது பழம்பஞ்சுரப் பண்ணில், இம்மூன்று கூட்டுகளும் தடையின்றிப் பொருந்தும். தீட்சிதர் அத்திண்ணையைத் தெரிந்தெடுத்ததன் நுட்பம் இப்போது இன்னும் தெளிவாகிறது.

நாம் இழந்துகொண்டிருப்பது

இவ்வளவு நுணுக்கம் ஒரு தோட்டக் கோயிலுக்கு வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே என் துணிபு. காரணம் கூறுகிறேன்.

அப்பரும் சம்பந்தரும் ஆளுக்கொரு நமச்சிவாயப் பதிகம் அருளினர். அப்பரின் பதிகம் காந்தார பஞ்சமப் பண். அதைக் கேதாரகௌளையில் பாடுவர். சம்பந்தரின் பதிகம் கௌசிகப் பண். அதைப் பைரவியில் பாடுவர். ஒரே திருவைந்தெழுத்தை ஒருவர் துன்பக் கடலின் நடுவே நின்று உறுதியோடு பாடினார். மற்றவர் உள்ளம் கசிந்து பாடினார். அவ்வேற்றுமை சொல்லில் மட்டும் இல்லை, பண்ணிலும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வட்டாரத்தில் பள்ளி விழாக்களையும் தேவாரப் போட்டிகளையும் கேட்டு வருபவன் என்ற முறையில் கூறுகிறேன்: இவ்விரு பதிகங்களும் இன்று பல மேடைகளில் ஏறக்குறைய ஒரே மெட்டில் ஒலிக்கின்றன. கீபோர்டின் கைக்கு எளிதான மெட்டு எதுவோ அதுவே எல்லாப் பதிகங்களுக்கும் சட்டையாகிவிட்டது. கமகம் வேண்டும் பண்கள் ஒவ்வொன்றாக ஒதுங்குகின்றன. எவரும் அவற்றை விலக்கவில்லை. கருவிக்கு வரவில்லை, அதனால் பாடுவதில்லை, அவ்வளவே.

நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகியும் மாறிவிட்டன. மக்கள் செனவாங்கிற்கும் நீலாயிற்கும் குடிபெயர்ந்தனர். தோட்டத்தில் இருந்தபோது மாரியம்மன் திருவிழாவில் பாட்டிமார் பாடிய தாலாட்டும் கும்மியும் தெம்மாங்கும் அவர்களோடு மறைந்தன. எஞ்சியிருக்கும் இசைச் செல்வத்துள் எழுத்தில் நிற்பது திருமுறை. எழுத்து அழியாது, ஆனால் பண் எழுத்தில் இல்லை, செவியில் இருக்கிறது. ஒரு தலைமுறையின் செவி தவறினால் அதை மீட்டுத் தர எந்த நூலாலும் இயலாது. ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரத்தையும், விபுலானந்த அடிகள் 1947 இல் யாழ்நூலையும் எழுதுவதற்குப் பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்போம். கேட்பாரற்று மறைந்த ஓசையை ஏட்டிலிருந்து மீட்பது எத்துணைக் கடினம் என்பது அப்போது விளங்கும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

கருவியை விலக்குவது இதற்கு மருந்தாகாது. விலக்கினால் பிள்ளைகளும் விலகுவர். கருவிக்கு உரிய இடத்தை வரையறுப்பதே வழி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் கருவிகள் கூடி ஒலிக்கும் முறையைக் காட்டுகிறார். குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்பற்றிச் சென்றன என்பது அங்கே பெறப்படும் செய்தி. ஒன்று முன் செல்ல மற்றொன்று பின் செல்லும் இவ்வொழுங்கே கலப்பிசையின் அடிப்படை. நம் பள்ளியில் அவ்வரிசை குரல், வயலின், கீபோர்டு என அமைதல் வேண்டும்.

முதலில் குரல். புதிய பதிகம் ஒன்றைக் கற்பிக்கும்போது முதல் இரண்டு வாரங்கள் சுருதிப் பெட்டியைத் தவிர வேறு கருவி வேண்டா. சுருதிப் பெட்டி இல்லையெனில் கைப்பேசியில் கிடைக்கும் தம்புரா ஒலியே போதும். சிறுவர் குரலுக்குப் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டிய சுருதி பொருந்தும். ஆண் ஆசிரியர் தம் குரலுக்கு ஏற்ற ஒரு கட்டையில் தொடங்கிப் பிள்ளைகளைத் திணறவைத்தல் கூடாது.

அடுத்து வயலின். தோட்டப்புறத்தில் வயலின் ஆசிரியர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வந்து போகும் செலவு பெரிது. ஆயினும் மாதம் ஒரு முறையேனும் ஒரு வயலின் கலைஞரைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகள் பாட அவர் பின்தொடர்ந்து வாசிக்கச் செய்தல் நலம். தம் குரலின் அசைவை மற்றொரு கருவி திரும்பக் கூறுவதைக் கேட்கும் பிள்ளை, கமகம் என்னும் சொல்லை அறியாமலே கமகத்தை அறிந்துகொள்கிறது. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவர் அளவிலான அரை, முக்கால் வயலின்கள் கிடைக்கின்றன. தலைநகரில் 1981 இல் தோன்றிய நுண்கலைக் கோயில் போன்ற அமைப்புகளில் பயின்று திரும்பும் நம் இளைஞர்களையும் இதற்குப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

மூன்றாவதாகக் கீபோர்டு. அதற்குரிய முதற்பணி ச-ப என்னும் ஆதார ஒலியைத் தாங்கி நிற்பது. இரண்டாம் பணி, பாடலின் அடிகளுக்கு இடையே வரும் இடைவெளியில் சிறு இசைத்துணுக்கு வாசிப்பது. பாடும் குரல் ஓயும்போது கீபோர்டு பேசலாம்; குரல் எழும்போது அது தணிய வேண்டும். மூன்றாம் பணியே சுரக் கூட்டு. அதைச் சேர்க்கும்முன் பிள்ளைகளையே ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். கரும்பலகையில் இராகத்தின் சுரங்களை எழுதுக. அதன்கீழ்க் கூட்டின் சுரங்களை எழுதுக. மேலே இல்லாத சுரம் கீழே இருந்தால் அக்கூட்டை அழித்துவிடுக. கணக்குப் பாடம்போல் பிள்ளைகள் இதை மகிழ்ந்து செய்வார்கள். பைரவி, தோடி போன்ற அசைவு மிகுந்த இராகங்களில் கூட்டை அறவே தவிர்த்து ஆதார ஒலியோடு நிறுத்துவது நல்லது.

கீபோர்டில் தானே ஓடும் தாளக்கட்டுகளையும் ஆராய்ந்தே பயன்படுத்த வேண்டும். எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளத்துக்கு நான்கு எண்ணிக்கைக் கட்டு இருமுறை வந்து பொருந்தும். மூன்று எண்ணிக்கையாகப் போடும் ரூபகத்துக்கு வால்ட்சு எனப்படும் மூன்று எண்ணிக்கைக் கட்டு பொருந்தும். ஏழு எண்ணிக்கையுள்ள மிச்ர சாபுவில் அமைந்த பாடலை எட்டில் ஓடும் கட்டுக்குள் நுழைத்தால் சொல் நீளும், சீர் சிதையும். அங்கே கைத்தாளமே போதும்.

நம் பிள்ளைகள் இசைப் பாடத்தில் கற்கும் ரிகார்டரையும் மறத்தலாகாது. அதன் துளையை விரலால் சட்டெனத் திறவாமல் மெல்லச் சரித்துத் திறந்தால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் ஓசை பிறக்கும். புல்லாங்குழலில் நம்மவர் செய்யும் வேலையும் இதுவே. பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் ரிகார்டரை மேனாட்டுக் குறிப்புப்படி வாசிக்க மட்டுமே கற்றோம். அதில் மோகனத்தையும் வாசிக்கலாம் என்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொள்வதில் தவறில்லை.

பாலுசாமி தீட்சிதர் அயல்நாட்டார் ஒருவரிடம் வயலின் கற்றபோது, அவர் செவியில் இராகங்கள் முன்னரே குடியிருந்தன. ஆகையால் கருவி அவருக்குப் பணிந்தது. இன்று நம் பிள்ளைகளின் கைக்குக் கருவி முதலில் வந்து சேர்கிறது. இராகம் பின்னர் வந்தால் வருகிறது, வராமலும் போகிறது. இவ்வரிசையை மாற்றும் பொறுப்புப் பெரிய சபாக்களுக்கோ புகழ்பெற்ற கலைஞர்களுக்கோ உரியதன்று. வெள்ளிக்கிழமை மாலையில் இருபது பிள்ளைகளை அமரவைத்துத் தேவாரம் சொல்லித்தரும் ஆசிரியருக்கு உரியது. வரும் வெள்ளிக்கிழமை கீபோர்டின் மின்கம்பியைச் செருகுமுன், ஒரே ஒரு பதிகத்தை அதன் பண்ணில், வெறுங்குரலில், பிள்ளைகள் பாடக் கேட்போமாக. அதன் பிறகு எக்கருவி வந்து சேர்ந்தாலும் அது பாட்டுக்குத் துணையாகவே நிற்கும்.